மணல் மேகமும் காணாமல் போன மீத்தேனும்

வேற சூரியன், வேற கோள்னு பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் 1995-ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. மிஷேல் மாயோர், டிடியே கெலோ என்ற இரண்டு சுவிஸ் வானியலாளர்கள் 51 பெகாசி என்ற விண்மீன் லேசாக முன்னும் பின்னும் ஆடுவதைக் கவனித்து, அதைச் சுற்றி ஒரு கோள் ஓடுகிறது என்று அறிவித்தார்கள். 2019-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனா அந்தக் கோளை அவங்க பார்க்கலை. மாடி வீட்டுப் பையன் குதிக்கும்போது நம்ம வீட்டு ஃபேன் ஆடுமில்லையா, அதை வைத்து "மேலே ஒரு பையன் இருக்கான்" என்று சொல்வது போலத்தான் அது. பையன் கறுப்பா சிவப்பா, சட்டை போட்டிருக்கானா இல்லையா, எதுவும் தெரியாது.

இந்தப் பதிவு பையனை நேரில் பார்த்தவர்களைப் பற்றியது. அதாவது, கோளிலிருந்து வரும் வெளிச்சத்தையே தனியாகப் பிடித்து, அதை நிறமாலையாகப் பிரித்து, அங்கே என்ன காற்று, என்ன மேகம் என்று படித்தவர்கள். இந்தக் கதை பேப்பரில் வந்த அளவு குறைவு. எனக்கு இதுதான் அந்தக் கதையை விட ருசியானது.

முதலில் இது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு கணக்கு. நம்ம சூரியக் குடும்பத்தை வெளியிலிருந்து ஒருத்தர் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வியாழன் சூரியனை விட சுமார் நூறு கோடி மடங்கு மங்கல். சரி, மங்கல் என்றால் பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கலாம். பிரச்சினை மங்கல் இல்லை, பக்கத்தில் இருக்கும் வெளிச்சம். நாம் பின்னால் பார்க்கப் போகிற கோள்கள் தங்கள் விண்மீனிலிருந்து வானத்தில் ஒன்றரை ஆர்க் செகண்டு, அரை ஆர்க் செகண்டு தள்ளி இருப்பவை. ஒரு ஆர்க் செகண்டு என்பது ஒரு ரூபாய் நாணயத்தை நாலரை, ஐந்து கிலோமீட்டர் தள்ளி வைத்தால் தெரியும் அளவு. அந்த நாணயத்தின் ஒரு ஓரத்தில் சர்ச் லைட், இன்னொரு ஓரத்தில் மின்மினி.

சர்ச் லைட்டை மறைத்துவிட்டால்? இயற்கையே அதைச் செய்து காட்டும் நேரம் சூரிய கிரகணம். 1868 ஆகஸ்ட் 18-ம் தேதி பிரெஞ்சுக்காரர் ஜான்சன் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் உட்கார்ந்து கிரகணத்தைப் பார்த்தார். சூரிய விளிம்பிலிருந்து எழும் தீக்கொழுந்துகளின் நிறமாலை அவ்வளவு பிரகாசமாக இருந்தது. கிரகணம் இல்லாமலே இதைப் பார்க்கலாமே என்று தோன்றி மறுநாளே பார்த்தும் விட்டார். ஆனால் சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான கரோனா மட்டும் அகப்படவில்லை. அதற்கு 1930-களில் பெர்னார் லியோ வந்தார். பிரான்சின் பிக் து மிதி மலை உச்சியில், தொலைநோக்கிக்குள்ளேயே ஒரு சின்னத் தட்டை வைத்து சூரியனை மறைத்தார். எல்லாருக்கும் தோன்றும் யோசனைதான். லியோவின் கெட்டிக்காரத்தனம் அதற்கு அப்புறம். லென்சின் ஓரத்தில் வளைந்து வரும் ஒளியை இன்னொரு தடுப்பு வைத்து வெட்டினார், லென்சில் ஒரு தூசு கீறல் இல்லாமல் பார்த்துக்கொண்டார். இதுதான் கரோனாகிராஃப். கிரகணத்துக்காக ஊர் ஊராக அலையும் வேலையைக் குறைத்த இந்த மனுஷன், 1952-ல் சூடானில் கிரகணம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கெய்ரோ அருகே ரயிலில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். என்னத்தச் சொல்ல.

அடுத்த தொல்லை நம்ம காற்று. விண்மீன் மினுக்குவது குழந்தைப் பாட்டுக்கு அழகு, வானியலாளருக்குத் தலைவலி. 1953-ல் ஹோரஸ் பாப்காக் என்ற அமெரிக்கர், காற்று ஒளியை எப்படிக் கோணலாக்குகிறது என்று உடனுக்குடன் அளந்து, அதற்கு எதிர்க் கோணலாக ஒரு கண்ணாடியை வளைத்தால் மினுக்கல் போய்விடும் என்று எழுதினார். அன்றைக்கு அதைச் செய்ய கம்ப்யூட்டரும் இல்லை, வளையும் கண்ணாடியும் இல்லை. அப்புறம் அதைச் செய்தது யார் தெரியுமா? அமெரிக்க ராணுவம். ரஷ்யச் செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்து தெளிவாகப் படம் பிடிக்க! 1991-ல்தான் அந்த ரகசியத்தில் பெரும்பகுதியை வெளியே விட்டார்கள். அதற்குள் ஐரோப்பியர்கள் 1989-ல் பிரான்சில் 'கம்-ஆன்' என்ற சொந்தக் கருவியை ஓட்டிக் காட்டிவிட்டார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. இந்த நுட்பத்துக்கு அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்று பேர்.

இவ்வளவு இருந்தும் நூறு கோடி மடங்கு வித்தியாசத்தைத் தாண்ட முடியாது. அதனால் ஆட்டத்தையே கொஞ்சம் மாற்றினார்கள். கிழட்டு வியாழனைத் தேடாதே, குட்டி வியாழனைத் தேடு! கோள் உருவாகும்போது வாயுவும் தூசும் விழுந்து நொறுங்கி ஏகச் சூடாகும். அந்தச் சூடு ஆற கோடிக்கணக்கான வருடங்கள் பிடிக்கும். அதுவரை அது அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி அகச்சிவப்பில் தானாகவே ஒளிரும். அகச்சிவப்பில் பார்த்தால் வித்தியாசம் நூறு கோடியிலிருந்து ஆயிரக்கணக்கு, லட்சக்கணக்கு என்று இறங்கிவிடும். ஆகவே: இளைய விண்மீன், பெரிய கோள், தூரத்துச் சுற்றுப்பாதை. நேரில் படம் எடுத்த கோள்கள் எல்லாமே இப்படி ராட்சசர்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளிச்சம் இருக்கும் தெருவில்தானே தொலைந்த சாவியைத் தேட முடியும்.

முதல் பிடி கோளாக இல்லாமல் ஒரு பழுப்புக் குள்ளனாக இருந்தது. விண்மீனாக எரிய எடை போதாத, கோள் என்று சொல்ல எடை அதிகமான இரண்டுங்கெட்டான்கள் இவை. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1960-களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டவர் ஷிவ் குமார் என்ற இந்தியர். பழுப்புக் குள்ளன் என்ற பேரை 1975-ல் வைத்தவர் ஜில் டார்ட்டர். கிளீஸ் 229 பி என்ற பழுப்புக் குள்ளனை பாலோமரில் படம் பிடித்து 1995-ல் அறிவித்தார்கள். இத்தாலியின் ஃபுளோரன்சில், 51 பெகாசி கோளை அறிவித்த அதே மாநாட்டில்! அந்தக் குழுவில் நம்ம ஊர் ஷ்ரீனிவாஸ் குல்கர்னியும் ஒருவர். அதன் நிறமாலையைப் பார்த்தால் பட்டை பட்டையாக மீத்தேன். விண்மீன்களில் மீத்தேன் இருக்காது, சூட்டில் பிழைக்காது. 1932-ல் ரூபர்ட் வில்ட் என்பவர், வியாழனின் நிறமாலையில் இருபது வருடத்துக்கும் மேலாக யாருக்கும் புரியாமல் கிடந்த கறுப்புப் பட்டைகள் மீத்தேனும் அமோனியாவும்தான் என்று கண்டுபிடித்திருந்தார். ஆக, மீத்தேன் என்றால் ஆறிப்போன வாயுக்கோளின் கைரேகை. சுமார் ஆயிரம் கெல்வின் சூட்டுக்குக் கீழே போனால் மீத்தேன் தெரியும் என்று ஒரு விதி உருவாகிவிட்டது. இந்த விதியை மனசுல வெச்சுக்குங்க, பின்னால வேலை இருக்கு.

2004-ல் சிலியில் ஷோவின் குழுவினர் 2எம் 1207 என்ற பழுப்புக் குள்ளனின் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பிடித்தார்கள். வியாழனைப் போல் ஐந்து மடங்கு எடை. 2005-ல் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன என்று உறுதியானது. நேரில் படம் எடுத்த முதல் கோள் எடைப் பொருள் இதுதான். ஆனால் அது சுற்றுவது ஒரு நிஜ விண்மீனை அல்லவே என்று முணுமுணுப்பு இருந்தது. நியாயமான முணுமுணுப்புதான்.

இப்போது நம்ம ஏரியாவுக்கு வருவோம். கரோனாகிராஃப் வைத்து, அடாப்டிவ் ஆப்டிக்ஸ் போட்ட பிறகும் படத்தில் விண்மீனைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வெளிச்சக் கறை மிஞ்சும். தொலைநோக்கியின் கண்ணாடிகளில் உள்ள நுண்ணிய குறைகளால் வருவது. ஒவ்வொரு கறையும் பார்க்க அச்சு அசல் கோள் மாதிரியே இருக்கும். இதுதான் பத்து வருடமாக எல்லாரையும் அலைக்கழித்த விஷயம். கனடாவின் கிறிஸ்டியன் மரோவாவும் கூட்டாளிகளும் 2006-ல் விவரித்த தீர்வு, என் பார்வையில், வானியலில் வந்த மிக அழகான புரோகிராம்களில் ஒன்று.

பூமி சுழல்வதால் வானம் தொலைநோக்கியின் பார்வையில் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். வழக்கமாக அதைச் சரிக்கட்ட ஒரு கருவி கேமராவையும் கூடவே திருப்பும். மரோவா என்ன சொன்னார்? அந்தக் கருவியை நிறுத்து. இப்போது தொலைநோக்கியின் கறைகள் எல்லாம் படத்தில் அசையாமல் அதே இடத்தில் நிற்கும், ஏனென்றால் அவை கண்ணாடியின் சொத்து. கோள் மட்டும் விண்மீனைச் சுற்றி மெல்ல நகரும், ஏனென்றால் அது வானத்தின் சொத்து. ஒரு மணி நேரம் படமாக எடுத்துத் தள்ளு. ஒவ்வொரு பிக்சலிலும் எல்லாப் படங்களின் இடைநிலை மதிப்பை எடுத்தால் கறை மட்டும் மிஞ்சும், கோள் ஓடிக்கொண்டே இருந்ததால் கணக்கில் வராது. அந்தக் கறைப் படத்தை ஒவ்வொன்றிலிருந்தும் கழி. பிறகு படங்களைத் திருப்பி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கு. கோள் எழுந்து நிற்கும். அவ்வளவுதான்! நாலு லூப்பில் எழுதிவிடலாம். (நிஜத்தில் அவ்வளவு சுலபமில்லை, 2007-ல் லாஃப்ரெனியேர் இதையே படத்தைத் துண்டு துண்டாக்கிச் செய்யும் இன்னும் நல்ல வழி ஒன்றைக் கொடுத்தார். ஆனா அடிப்படை இதுதான்.)

இந்த வித்தையை வைத்து 2007 அக்டோபரில் ஹவாயின் மவுனா கேயா மலையில் உள்ள ஜெமினி தொலைநோக்கியால் எச்.ஆர். 8799 என்ற விண்மீனைப் பார்த்தார்கள். சுமார் 130 ஒளியாண்டு தூரம், சூரியனைப் போல ஒன்றரை மடங்கு எடை, வயது மூன்று நான்கு கோடி வருடம்தான், பச்சைக் குழந்தை. இரண்டு புள்ளிகள். 2008-ல் பக்கத்திலேயே உள்ள கெக் தொலைநோக்கியில் பார்த்தால் மூன்றாவதும் உள்ளே ஒளிந்திருந்தது. 2010-ல் நான்காவது. ஒரே விண்மீனைச் சுற்றி நான்கு ராட்சசக் கோள்கள், நேரில் எடுத்த படத்தில்! வருஷா வருஷம் எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்தால் நான்கும் சுற்றி வருவதே தெரியும். வெளியே உள்ளதற்கு ஒரு சுற்றுக்கு நானூறு வருடத்துக்கு மேல், உள்ளே உள்ளதற்கு ஐம்பது வருடத்துக்குள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கண்டுபிடிப்பு வந்தபின், லாஃப்ரெனியேர் 1998-ல் ஹபிள் தொலைநோக்கி எடுத்து அலமாரியில் போட்டிருந்த படங்களைத் தூசு தட்டிப் புது முறையில் கழித்துப் பார்த்தார். வெளிப்புறக் கோள் அங்கே இருந்தது! பத்து வருடமாக டேப்பிலேயே இருந்திருக்கிறது. 2011-ல் இன்னொரு குழு அதே 1998 படங்களிலிருந்து அடுத்த இரண்டு கோள்களையும் எடுத்துக் கொடுத்தது. தொலைநோக்கியில் எந்த மாற்றமும் இல்லை, தரவிலும் இல்லை. கழிக்கத் தெரிந்தது, அவ்வளவே. பழைய டேட்டாவை யாராவது அழிக்கச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்க :-)

எச்.ஆர். 8799 கட்டுரை சயன்ஸ் இதழில் 2008 நவம்பரில் வந்தது. அதே நாளில், அதே இதழில் இன்னொரு படமும் வந்தது: ஹபிள் எடுத்த ஃபோமல்ஹாட் பி. பால் காலஸ் குழுவின் வேலை. 25 ஒளியாண்டுதான் தூரம், பிரமாண்டமான தூசு வளையம், அதன் உள்விளிம்பில் ஒரு புள்ளி, 2004-லும் 2006-லும் எடுத்த படங்களில் நகர்ந்திருக்கிறது. பார்க்க சினிமா போஸ்டர் மாதிரி இருக்கும். மரோவாவின் படமோ, நடுவில் கசாமுசாவென்று கழித்த மிச்சம், சுற்றிலும் மூன்று பொட்டு. அழகில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஃபோமல்ஹாட் பி-யிடம் ஆரம்பத்திலிருந்தே ஒரு நெருடல். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பிரகாசம், அகச்சிவப்பில் இருட்டு. சூடான இளங்கோள் என்றால் தலைகீழாக இருக்க வேண்டும். ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி தேடியும் அகப்படவில்லை. 2015-ல் அதற்கு டாகன் என்று அதிகாரபூர்வப் பேரே வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 2014-ல் ஹபிள் எடுத்த படத்திலேயே அது இல்லை. 2020-ல் காஸ்பர், ரீகி இருவரும் எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்துச் சொன்னது: அது கோளே இல்லை, இரண்டு பெரும் பனிப்பாறைகள் மோதிச் சிதறிய தூசுமேகம், விரிந்து விரிந்து மறைந்துபோனது. 2023 ஹபிள் படத்தில் அதே வளையத்தருகே புதிதாக இன்னொரு புள்ளி முளைத்திருக்கிறது. இன்னொரு மோதல் என்று 2025-ல் எழுதியது அதே காலஸின் குழு. பெயர் வைத்த கோள் போச்சு, ஆனால் மோதலைக் கண்ணெதிரே பார்த்த கதை கிடைத்தது. காலஸ் அதைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து வேலை பார்த்தார் பாருங்க, அந்த மனசு எல்லாருக்கும் வராது.

ஒரே நாளில் பிறந்த இந்த இரண்டில் ஒன்று நிலைத்து இன்னொன்று கரைந்ததற்கு நான் காரணம் சொல்வதென்றால், படத்தின் அழகு அதில் இல்லவே இல்லை, நிறமாலைதான். எச்.ஆர். 8799-ன் பொட்டுகள் சூட்டை வெளியிட்டன. அந்தச் சூட்டை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துக் கேள்வி கேட்க முடிந்தது. ஃபோமல்ஹாட் பி-யிடம் கேட்டபோது விண்மீனின் ஒளியையே திருப்பிக் கொடுத்தது.

சரி, கேட்டதற்கு எச்.ஆர். 8799 என்ன பதில் சொன்னது? இங்கேதான் மீத்தேன் விதி வருகிறது. இந்தக் கோள்களின் சூடு சுமார் 1000 கெல்வின், சிலதில் கொஞ்சம் கூட. பழுப்புக் குள்ளன்களின் அனுபவப்படி வெளிக்கோளில் மீத்தேன் கொட்டிக் கிடக்க வேண்டும். 2010-ல் ஜான்சன் (குண்டூர்க்காரர் இல்லை, இவர் வேறு) குழு சிலியிலிருந்து நடுக்கோளின் நிறமாலையை முதன்முதலில் எடுத்தது, மாடல்களோடு பொருந்தவில்லை. 2011-ல் டிராவிஸ் பார்மன் குழு வெளிக்கோளை கெக்கில் விரிவாகப் படித்தது. மீத்தேன் இருக்கிறதா என்றே தேட வேண்டிய அளவு. நிறமோ, இருக்க வேண்டியதை விட ரொம்பச் சிவப்பு. அதைவிடக் கொடுமை, அப்போதிருந்த சாதாரண மாடல்களில் போட்டுப் பொருத்தினால் கோளின் ஆரம் வியாழனை விடச் சின்னதாக வந்தது. வியாழனைப் போல் பல மடங்கு எடை, இன்னும் ஆறாத இளங்கோள், அது எப்படி வியாழனை விடச் சின்னதாக இருக்கும்? பலூனை ஊதியபின் சின்னதாச்சுன்னு சொல்ற மாதிரி. ஆக மாடலில் எதையோ விட்டுவிட்டார்கள்.

விட்டது இரண்டு. ஒன்று மேகம். இந்தச் சூட்டில் தண்ணீர் மேகமாகாது, மணல் ஆகும். சிலிகேட், இரும்பு எல்லாம் ஆவியாகி மேலே வந்து குளிர்ந்து துகளாகி மேகம் கட்டும். வயசான, அடர்த்தியான பழுப்புக் குள்ளன்களில் இந்தச் சூட்டுக்கு வரும்போது இந்த மேகங்கள் பார்வைக்குக் கீழே அமிழ்ந்துவிடும். இளங்கோளில் ஈர்ப்பு குறைவு, துகள் மெதுவாகத்தான் இறங்கும், அதனால் மேகம் உயரத்திலேயே நின்று அடியிலிருந்து வரும் ஒளியை மறைத்து எல்லாவற்றையும் சிவப்பாக்குகிறது. மேகத்தைச் சேர்த்ததும் ஆரம் ஒழுங்கான அளவுக்கு வந்தது.

இரண்டாவது, கலக்கல். கார்பன், சூடான இடத்தில் கார்பன் மோனாக்சைடாக இருக்க விரும்பும். குளிர்ந்த இடத்தில் ஹைட்ரஜனோடு சேர்ந்து மீத்தேனாக மாறும். ஆனால் மோனாக்சைடின் பிணைப்பு கெட்டியானது, உடைய நேரம் எடுக்கும். அடியிலிருந்து வாயு வேகமாக மேலே வந்தால், மாறுவதற்குள் மேலே வந்துவிடும். நாம் பார்ப்பது மேல் அடுக்கை, ஆனால் அதில் இருப்பது கீழ் அடுக்கின் பழைய கணக்கு. நம்ம பாஷையில் சொன்னா, ரெஃப்ரெஷ் ஆகாத கேஷ். இது புதுசு கூட இல்லை! 1975-ல் ரெய்ன்ஹார்ட் பியர், இருக்கவே கூடாத கார்பன் மோனாக்சைடை வியாழனிலேயே பார்த்தார். 1977-ல் பிரின், பார்ஷே இருவரும் அது ஆழத்திலிருந்து கிளம்பி வந்தது என்று இதே விளக்கத்தைக் கொடுத்தார்கள். நம்ம சொந்த வியாழனில் முப்பது வருடத்துக்கு முன்னால் தீர்த்த கணக்கு, 130 ஒளியாண்டுக்கு அப்பால் மறுபடி தேவைப்பட்டது.

2013-ல் கொனோபாக்கி, பார்மன் குழு நடுக்கோளின் நிறமாலையை கெக்கில் எடுத்து, தண்ணீரின் கோடுகளையும் கார்பன் மோனாக்சைடின் கோடுகளையும் தனித்தனியாகக் காட்டினார்கள். அவ்வளவு கூர்மை. மீத்தேன் இல்லை. வெளிக்கோளைப் பற்றிச் சண்டை தொடர்ந்தது: 2015-ல் பார்மன் கொஞ்சூண்டு மீத்தேன் இருக்கிறது என்றார், 2018-ல் வேறு குழு அதே கருவியின் தரவை வேறு முறையில் அலசி, தண்ணீரும் மோனாக்சைடும் பளிச்சென்று இருக்கு, மீத்தேன் மட்டும் காணோம் என்றது. ஒரே தரவு, இரண்டு கணக்கு, இரண்டு பதில். கழித்தல்தான் இந்தத் துறையின் பலம், பலவீனமும் அதுவே.

இன்னொரு பக்கம், இவை கோள்களே தானா என்றும் கேட்டார்கள். எடையைப் பிரகாசத்திலிருந்து கணக்குப் போட வயது தெரிய வேண்டும். 2010-ல் ஒரு குழு விண்மீனின் துடிப்பைப் படித்து, அதன் வயது நூறு கோடி வருடத்தை ஒட்டி இருக்கலாம் என்றது. அப்படியானால் இவ்வளவு வருஷம் ஆறியும் இவ்வளவு சூடு என்று ஆகும், நான்கும் பழுப்புக் குள்ளன்களாகிவிடும்! காப்பாற்றியது ஈர்ப்புக் கணக்கு. அவ்வளவு கனமான நான்கு பொருட்கள் அவ்வளவு நெருக்கமாக ஓடினால் சீக்கிரமே ஒன்றையொன்று தூக்கி வீசிவிடும். இப்போதைய எடைகளிலேயே அவை உயிரோடு இருப்பது, ஒன்று ஒரு சுற்று சுற்றும்போது அடுத்தது ஏறக்குறைய இரண்டு சுற்று என்று தாளம் தப்பாமல் ஓடுவதால்தான். 2021-ல் கையா விண்கல அளவீடுகளை வைத்து உள்கோளின் எடை வியாழனைப் போல் சுமார் 9.6 மடங்கு என்று கணக்கிட்டார்கள். கோள்தான், சந்தேகமில்லை.

இதற்கிடையில் மற்றவர்களும் சும்மா இல்லை. பீட்டா பிக்டோரிஸ் பி என்ற கோளில், 2014-ல் ஸ்னெல்லன் குழு கார்பன் மோனாக்சைடு கோடுகள் அகலமாகத் தெரிவதை வைத்து அது மணிக்கணக்கில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்றே அளந்துவிட்டது: நொடிக்கு 25 கிலோமீட்டர், ஒரு நாள் சுமார் எட்டு மணி நேரம். வேறு சூரியக் குடும்பத்துக் கோளின் நாள் நீளத்தை மனிதன் அளந்தது அதுதான் முதல் முறை. ஜெமினி பிளானட் இமேஜர் என்ற புதுக் கருவி 2014 கடைசியில் 51 எரிடானி பி-யைப் பிடித்தது. வயது இரண்டு கோடி வருடம், சூடு சுமார் 700 கெல்வின். அங்கே மீத்தேன் பளிச்சென்று இருந்தது! தேடின ஆள் கடைசியில் வேற ஊரில் கிடைத்த மாதிரி. கலக்கல் இருந்தாலும் போதுமான அளவு குளிர்ந்தால் மீத்தேன் ஜெயிக்கும் என்பது இதனால் தெரிந்தது. 2019-ல் ஐரோப்பியர்கள் நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து எச்.ஆர். 8799-ன் உள்கோளைப் பார்த்து, இரும்பு, சிலிகேட் மேகங்கள் புரளும் புயல் என்று சொன்னார்கள்.

பிறகு ஜேம்ஸ் வெப். 2022-ல் எச்.ஐ.பி. 65426 பி, அது எடுத்த முதல் புறக்கோள் படம். வி.எச்.எஸ். 1256 பி-யில் தண்ணீர், மீத்தேன், மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, மணல் மேகம் எல்லாம் ஒரே நிறமாலையில் வந்தது. மேகம் என்று பதினைந்து வருடமாக மாடலில் சொல்லிக்கொண்டிருந்ததை மணல் துகளின் சொந்தக் கையெழுத்தாகவே காட்டியது. (அது கோளா பழுப்புக் குள்ளனா என்பது எல்லைக்கோட்டுச் சண்டை, அதை விடுங்க.)

எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது 2025 மார்ச்சில் வந்தது. வெப்பின் கரோனாகிராஃபால் வில்லியம் பால்மர் குழு எச்.ஆர். 8799-ஐ மறுபடி பார்த்தது. 4.3 மைக்ரான் பக்கம் கார்பன் டை ஆக்சைடு ஒளியை விழுங்கும். தரையிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் நம்ம தலைக்கு மேலே உள்ள அதே வாயு முதலில் விழுங்கிவிடும். மேலே போய்ப் பார்த்தால் கோள்களில் கார்பன் டை ஆக்சைடு நிறைய. அது நிறைய இருக்க வேண்டும் என்றால் கார்பன், ஆக்சிஜன் போன்ற கனமான தனிமங்கள் விண்மீனில் இருப்பதை விட அதிகமாகச் சேர்ந்திருக்க வேண்டும். அதாவது வாயு மேகம் அப்படியே உடைந்து ஒரேயடியாகக் கோளாகவில்லை. முதலில் பாறையும் பனியும் சேர்ந்து ஒரு கரு, அப்புறம் அது வாயுவை இழுத்தது. நம்ம வியாழன் உருவானதாகச் சொல்லப்படும் அதே வழி. விண்மீனிலிருந்து அவ்வளவு தூரத்தில் அந்த வழியில் கோள் வளர நேரம் போதாது என்றுதான் 2008-லிருந்து பலர் சொல்லிவந்தார்கள். இந்தச் சான்று அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

அதற்கு முந்தைய வருஷம் கிளீஸ் 229 பி-யும் ஒரு குட்டு வைத்தது. முப்பது வருடமாக மீத்தேன் பாடப்புத்தகமாக இருந்த அந்தப் பழுப்புக் குள்ளன் ஒன்றல்ல, இரண்டாம்! பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றனவாம். எடைக்கு ஏற்ற வெளிச்சம் இல்லையே என்று பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டது அதனால்தான்.

குளிர்ந்த பக்கம் போகப் போக ஆட்டம் மறுபடி மாறுகிறது. அதே 2024-ல் வெப், வெறும் 12 ஒளியாண்டு தூரத்திலுள்ள எப்சிலான் இண்டியை சுற்றும் கோளைப் படம் பிடித்தது. 51 பெகாசி மாதிரியே, விண்மீனின் ஆட்டத்தை வைத்து அங்கே ஒரு கோள் இருப்பது முன்பே தெரியும். ஆனால் சொன்ன இடத்தில் அது இல்லை, எடையும் சொன்னதைப் போல் இரண்டு மடங்கு, வியாழனைப் போல் ஆறு மடங்கு. இது குழந்தை இல்லை, நூற்றுக்கணக்கான கோடி வருடம் ஆறிய கிழம். சூடு சுமார் இரண்டு டிகிரி செல்சியஸ், நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் அளவு. மணல் மேகமெல்லாம் எப்போதோ அடியில் போயிருக்கும். 3.5-லிருந்து 5 மைக்ரான் வரை தரையிலிருந்து தேடியபோது அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அங்கே ஒளியை விழுங்கிக்கொண்டிருப்பது எதிர்பார்த்ததை விட அதிகமான மீத்தேனும் கார்பன் ஆக்சைடுகளுமா, இல்லை தண்ணீர்ப் பனி மேகமா என்று இப்போது அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.